சாவியோடு ஓடியவர்

கரும்பலகையில் 'எதிர்நாயகன்' என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கதையியல் தாள் தொடங்கிய நாளிலிருந்து அவர்களுக்குத் தெரிந்த சொல் ஒன்று இப்போதுதான் வந்திருக்கிறது.

"வில்லன் மேம்" என்றது கடைசி பெஞ்சு.

இல்லை என்றேன். ஹீரோவை எதிர்க்கிறவன் என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. அதுவும் இல்லை. வில்லனுக்குத் தனியாக ஒரு நாற்காலி உண்டு, அது நாயகனுக்கு எதிரே கிடக்கும். எதிர்நாயகன் உட்கார்ந்திருப்பது நாயகனுடைய நாற்காலியிலேயேதான். கதை அவன் பின்னால்தான் போகும், படிக்கிற நாமும் அவன் பின்னால்தான் போவோம். ஆனால் நாயகனுக்கென்று நாம் காலகாலமாக எழுதி வைத்திருக்கிற வீரம், வாய்மை, பிறருக்காக உயிரைக் கொடுப்பது இதெல்லாம் அவனிடம் இருக்காது. கதை முடிகிறபோது அவன் திருந்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்கள் என்றால் ஒன்றும் புரியவில்லை என்று அர்த்தம், அது எனக்குப் பழகிவிட்டது. "உதாரணம் ஒண்ணு சொல்லுங்க மேம்" என்றார்கள். பாடக்குறிப்பில் வெளிநாட்டுக்காரர்கள் பெயர் வரிசையாக இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, எங்கள் ஊர் வேன் டிரைவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் பெயரை வகுப்பிலும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. "பேரு போட்டா எவனாவது தேடிக்கிட்டு வருவாம்மா" என்று அவரே சொல்லியிருப்பார்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம்) வேலை பார்த்தார்கள். என் அம்மாவும் அங்கேதான் குச்சிகளைப் பெட்டியில் அடைத்தாள். காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து இறக்குகிற வேனை அவர் ஓட்டினார். பெண்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள். அம்மாவுக்கு அண்ணாச்சி என்றால் எனக்கு மாமா. கல்லூரி விட்டு வருகையில் பஸ்ஸைத் தவறவிட்டால் நானும் அந்த வேனில்தான் ஊர் திரும்புவேன்.

அவ்வளவு பயந்த ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்த பிறகுதான் கிட்டே போவார். பரம்பரையாக ஆடு வளர்க்கிற குடும்பம் அவருடையது. அவருடைய அப்பா கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டு, தலைமாட்டில் ஒரு கம்பை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் படுத்துக் கிடந்தவர். மகனோ கிடாவைக் கண்டால் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். "மொறைக்கி, பாத்தியா" என்பார். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டு நிற்கும்.

ரயில்வே கேட் திறந்தே கிடந்தாலும் வேனை நிறுத்தி இறங்குவார். மணியாச்சிப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு தலையைச் சாய்த்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பார். பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான். அவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருகுவதற்குள், "தண்டவாளத்துல காத வச்சுக் கேட்டுட்டு வாங்க அண்ணாச்சி" என்று வேனுக்குள் ஒரு குரல் வரும். அதைக்கூட அவர் கேலி என்று எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் யோசிப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் அவருக்குத் தீக்குச்சி. தீப்பெட்டி ஆபீஸ் வேனை ஓட்டுகிறவரிடம் ஒரு தீப்பெட்டி இருக்காது. அடுப்புப் பற்றவைக்க உடைந்த குச்சிகளைப் பெண்கள் பையில் போட்டுக் கொண்டுவந்தால், "அத டாப்புல போடுங்க தாயி, உள்ள வேண்டாம்" என்று கெஞ்சுவார். டாப்பில் போட்டால் வழியில் பறந்துவிடும் என்பதால் அவர்கள் மடியில் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். அவரோ ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் கண்ணாடியிலுமாக ஊர் வந்து சேர்வார்.

டீக்கடையில் நாலு ஆண்கள் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "நான் விட்டேன் பாரு ஒரு அறை", "ஏலே, யாருகிட்டன்னு கேட்டேன், அடங்கிட்டான்". ஒவ்வொருவன் கதையிலும் அவனவன்தான் நாயகன், அடி வாங்கியவன் எப்போதும் வெளியூர்க்காரன். மாமாவின் கதைகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். "நான் எடுத்தேன் பாரு ஒரு ஓட்டம்" என்றுதான் ஆரம்பிப்பார். கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்தில் இரண்டு டிரைவர்கள் கட்டிப் புரண்டபோது, விலக்கிவிடச் சொல்லி யாரோ இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பக்கத்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். "லாரிய ஸ்டார்ட் பண்ணின பெறவுதான் நான் எங்கன படுத்துருக்கேன்னே தெரியுது. அங்கேருந்து எடுத்தேன் பாரு ரெண்டாவது ஓட்டம்!" கடையே சிரிக்கும். வீரக்கதை சொன்னவர்கள் எல்லாம் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"வீரனுக்குச் சிலை உண்டு, வயசு கெடையாது" என்பது அவருடைய ஒரு வாக்கு. "பயந்தவன் வீட்டுல இழவு விழாது" என்பது இன்னொன்று. இரண்டும் அவர் சொந்தச் சரக்கு என்றுதான் நினைக்கிறேன், வேறு எவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

இந்தப் பெருமையெல்லாம் அவருக்கு டீக்கடையில்தான். தெருக்குழாயடியில் அத்தை, அதாவது அவர் மனைவி, இதற்காக நிறையப் பேச்சு வாங்கினாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் செய்தாள். "வீட்டுக்குள்ள பாம்பு வந்தா நாந்தான் அடிக்கணும். அவிய கட்டில் மேல நின்னுக்கிட்டு அந்தா போவுது, இந்தா போவுதுன்னு கை காட்டுவாவ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவாள்.

இதுவரை சொன்னதை வைத்து, பயந்தாங்கொள்ளி ஆனாலும் தங்கமான மனுஷன் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பேச்சியம்மாளின் கதையையும் சொல்ல வேண்டும்.

பேச்சியம்மாள் எங்கள் தெருக்காரி. அதே ஆபீசில் அம்மாவோடு வேலை பார்த்தவள். வேலையில் கெட்டிக்காரி, வாய் அதைவிட. ஒருநாள் மதியம் ஆபீஸ் முற்றத்தில் ஏதோ வாக்குவாதம் முற்றி, சூப்பர்வைசர் அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். பக்கத்தில் வேனைத் தவிர, வேன் அருகில் நின்ற மாமாவைத் தவிர யாருமில்லை. அவள் நேரே முதலாளியிடம் போனாள். முதலாளி மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் டயருக்குக் காத்துப் பாத்துக்கிட்டிருந்தேன் மொதலாளி. ஒண்ணும் கவனிக்கல."

அறை விழுந்த சத்தத்துக்கு அவர் திரும்பிப் பார்த்ததைப் பேச்சியம்மாள் பார்த்திருக்கிறாள். இருவர் கண்ணும் சந்தித்திருக்கின்றன. ஆனால் அவர் அப்படிச் சொல்லிவிட்டார். பொய்ப் புகார் கொடுத்தவள் என்று ஆகி, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவளே அந்த சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள், வேறு வழியில்லை. கன்னத்தில் அடித்தவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் என்று அம்மா சொன்னாள்.

அன்றிலிருந்து பேச்சியம்மாள் வேனின் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். அவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவரும் அவளைக் கண்ணாடியில்கூடப் பார்ப்பதில்லை. "கேஸு கீஸுன்னு போயிருந்தா என்னையில்லா இழுத்திருப்பாவ" என்று அம்மாவிடம் ஒருநாள் முனகினார். எனக்கு அவரைக் கண்டாலே வெறுப்பாக வந்த காலம் அது.

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். எதிர்நாயகன் என்ற சொல்தான் நமக்குப் புதுசு, ஆள் புதுசில்லை. எங்கள் பக்கத்து ஊர் எல்லைகளில் அரிவாளோடு நிற்கிற சாமிகளின் கதையைக் கோயில் கொடைத் திருவிழா நாளில் வில்லுப்பாட்டில் உட்கார்ந்து கேளுங்கள். களவு செய்தவர் உண்டு, தனக்கு முறையில்லாத பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடியவர் உண்டு, ஊரே சேர்ந்து வெட்டிப் போட்டவர் உண்டு. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். நல்லவரா என்று கேட்டுவிட்டு யாரும் கும்பிடவில்லை. ஆனாலும் அவர்கள் எல்லோருக்கும் துணிச்சல் என்ற ஒன்றாவது இருந்தது. பயந்தாங்கொள்ளிச் சாமி என்று ஒன்றுகூட எனக்குத் தெரிந்து கிடையாது. அதனால்தான் மாமாவை எந்தக் கதையில் வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத் திருக்கார்த்திகை. ஆபீசைச் சீக்கிரம் விட்டார்கள். எனக்குக் கல்லூரி கடைசி வருடம். பஸ் வராததால் நானும் வேனில் வந்தேன். பெண்கள் எல்லோர் மடியிலும் பை, பைக்குள் பஜாரில் வாங்கிய கிளியாஞ்சட்டியும் எண்ணெய்ப் பொட்டலமும். பழைய சட்டியில் விளக்கேற்றக்கூடாது, வருடாவருடம் புதுசாக மண்விளக்கு வாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பொழுது இறங்குவதற்குள் வாசலில் விளக்கு வைத்தாக வேண்டும். கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த மாவைப் பொதிந்து அவிக்கப் பிள்ளைகள் பனையோலையை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

எங்கள் பக்கம் தூறல்தான். மேற்கே மட்டும் வானம் கருகருவென்று கிடந்தது.

ஊருக்கு முன்னால் ஒரு ஓடை. அதில் தரைப்பாலம். மழைக்காலத்தில் பாலத்துக்கு மேலே தண்ணீர் போவது புதிதில்லை. அன்றைக்கு முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்து நட்டிருந்த கற்கள் தெளிவாகத் தெரிந்தன. மாமா பாலத்துக்கு இறங்குகிற சரிவில் வேனை நிறுத்தினார். எங்கள் கண் முன்னாலேயே ஒரு டிராக்டர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அக்கரைக்குப் போனது.

"டிராக்டரு போவுதுலா அண்ணாச்சி, எறக்குங்க" என்றாள் அம்மா.

"அது உசரம் தாயி. நம்மது தாழ்வு."

"கல்லு தெரியுது பாருங்க. கல்லப் பாத்துப் போனா ரெண்டு நிமிசம்."

"தண்ணி கலங்கி வருது. மேக்க எங்கனயோ பேயுது. கொஞ்சம் பாப்போம்."

"பாத்துக்கிட்டே இருந்தா வெளக்கு யாரு வைப்பா? நாளுங் கெழமையுமா வீடு இருட்டாவா கெடக்கும்?"

ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். எதிரே ஊரின் கோயில் கோபுரம் தெரிகிறது, நடுவே இந்தத் தண்ணீர், அதற்குப் போய் இந்த மனிதர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது. அப்போதுதான் கடைசி சீட்டிலிருந்து பேச்சியம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். அந்த அறைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீரெல்லாம் ஒரு ஆம்பளையா? சாவியக் குடும், நான் ஓட்டுதேன்."

மாமா அவளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். சட்டென்று சாவியை உருவினார், கதவைத் திறந்து குதித்தார், ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் ஓட ஆரம்பித்தார்.

சும்மா ஓடவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி ஓடினார். நனைந்த கரிசல் மண்ணில் ஓடியவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் மண் காலோடு கிளம்பி வரும், பத்தடிக்குள் கால் இரண்டு மடங்கு கனத்துவிடும். செருப்பு இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டது. விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடினார்.

"ஏட்டி, புடிங்கட்டி அவர! சாவியக் கொண்டுக்கிட்டுல்லா போறாரு!"

பேச்சியம்மாள்தான் முதலில் இறங்கினாள். பின்னாலேயே என் அம்மா. அதற்குப் பிறகு வேனில் யாரும் மிச்சமில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டும், சேலையைச் செருகிக்கொண்டும், வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டும் எல்லோரும் அவரைத் துரத்தினார்கள். "பேதில போவாரு", "சவம்" என்றெல்லாம் கிழடு குமரு வித்தியாசம் இல்லாமல் வைதார்கள். நான் கடைசியாக இறங்கினேன். சிரிப்பு வேறு வந்துவிட்டது எனக்கு. கார்த்திகையும் அதுவுமாக, ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முழுக்க ஒற்றை ஆளைக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டு போகிறது.

மேட்டில் ஒரு வேப்பமரமும் அதன் அடியில் ஒரு பிள்ளையாரும் இருந்தார்கள். அங்கே வைத்து அவரைப் பிடித்தார்கள். அவர் பிள்ளையாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு சாவியை மடிக்குள் திணித்தார். பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

அந்த நேரத்தில் சத்தம் கேட்டது. லாரி நிறைய ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தோம். மேலே எங்கோ கண்மாய் உடைந்திருக்கிறது. ஓடை ஓடையாக இல்லை. யாருடைய களத்திலோ அடுக்கி வைத்திருந்த சோளத்தட்டைப் படப்பு ஒன்று, சரிந்துகூட விழாமல், அப்படியே மிதந்து வந்தது. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தண்ணீர் சரிவில் ஏறி வேனைத் தொட்டது. வேன் மெதுவாக ஒருமுறை திரும்பியது, எங்களைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. அப்புறம் போய்விட்டது.

அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், அந்தப் பிடியின் வலி இரண்டு நாள் இருந்தது. மாமா மடியிலிருந்து சாவியை எடுத்துப் பார்த்தார். அந்தச் சாவிக்கு இனி வண்டி கிடையாது.

யாரோ ஒருத்தி விம்ம ஆரம்பித்தாள். அம்மா அவளை அதட்டிவிட்டு, பையிலிருந்து கிளியாஞ்சட்டியை எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்தாள். ஒவ்வொருத்தியாக எடுத்து வைத்தார்கள். சேலைத் தலைப்பைக் கிழித்துத் திரி போட்டார்கள். தூறல் நின்றிருந்தது. தீப்பெட்டிக்குப் பஞ்சமா அங்கே! அம்மா குச்சியைக் கிழித்தபோது மரத்துக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது:

"கொஞ்சம் தள்ளி வச்சுக் கொளுத்துங்க தாயி."

அழுதுகொண்டிருந்தவள் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ கார்த்திகை வந்துவிட்டது. விளக்கு என்றால் எனக்கு இன்றும் அந்த மேட்டில் எரிந்ததுதான்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் பாலத்தில் நடுப்பகுதியைக் காணோம். சேதி பரவியது. வேன் போன கோபத்தை முதலாளி விழுங்கிக்கொண்டார், ஏனென்றால் ஊரே மாமாவைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டது. அடுத்த வேனுக்கும் அவர்தான் டிரைவர், வேறு ஆள் என்றால் ஏற மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். பொங்கலன்று ஊரில் மேடை போட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் கட்டியிருந்த பேனரில் 'அஞ்சா நெஞ்சன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவர் பயந்துபோனார் என்றுதான் நினைக்கிறேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்யோசனை உள்ளவர், தன்னலம் பாராதவர் என்றெல்லாம் பேசி முடித்திருந்தார்கள். ஒரு வணக்கத்தைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம்.

"எல்லாரும் தப்பாப் பேசுதீங்க" என்றார். "நான் யாரையும் காப்பாத்தல. எனக்குப் பயமா இருந்துச்சு. பேச்சி என்னைய ஆம்பளையான்னு கேட்டா. இன்னொருக்க கேட்டிருந்தான்னா ரோசப்பட்டு எறக்கியிருப்பேன். எங்க ரோசம் வந்துருமோன்னுதான் சாவிய எடுத்துக்கிட்டு ஓடினேன். வேனுக்குள்ள இத்தன பேரு இருக்காவளேங்கிற நெனப்பே அப்ப எனக்கு இல்ல. பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்."

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார்கள். ஊர்த் தலைவர் மைக்கை வாங்கி, "அண்ணாச்சி தன்னடக்கத்துல சொல்லுதாவ" என்று சமாளித்தார். "இல்ல, நெசமாத்தான்" என்றார் இவர்.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கினான். குறும்படம் எடுக்கிற ஆசையுள்ளவன். "சூப்பர் கதை மேம். ஒண்ணே ஒண்ணு மாத்திக்கலாம். தண்ணி வரும்னு அவருக்கு முன்னாடியே தெரியும், இவங்களை வேனை விட்டு இறக்கத்தான் ஓடினாருன்னு கடைசில ரிவீல் பண்ணா எங்கயோ போயிரும் மேம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் நான் சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை.

அவரைத் திருத்தாதே என்றேன். அவர் பயந்தார், அதனால் நாங்கள் பிழைத்தோம். அதே மனிதர்தான் பேச்சியம்மாள் விஷயத்தில் பயந்தார், அவள் கூனிக் குறுகி நின்றாள். இரண்டும் ஒரே பயம்தான். ஒன்றை மட்டும் கழுவி எடுத்துப் பொட்டு வைத்து, இது பயமே இல்லை என்று நீ சொன்னால், அவருக்குப் பதில் வேறொருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறாய். அந்த வேறொருவர் அன்றைக்கு வேன் ஓட்டியிருந்தால் நிச்சயம் பாலத்தில் இறக்கியிருப்பார். வீரர்கள் இறக்குவார்கள். நான் உங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்க மாட்டேன்.

பையன் உட்கார்ந்துவிட்டான். இந்த முறை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நன்றி என்றால் நல்லவர்களுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். மாமா நல்லவர் என்று சொல்ல இன்றும் எனக்கு நா எழாது. ஆனால் மேல்படிப்பு, வேலை, இந்த வகுப்பு, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற என் அம்மா, எல்லாம் அந்த மனிதர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிய ஓட்டத்தில் கிடைத்தவை. நினைக்கும்போதெல்லாம் மனசு கும்பிடுகிறது.

பேச்சியம்மாள் அதற்குப் பிறகும் அவரோடு பேசவில்லை. கடைசி சீட்டிலேயே உட்கார்ந்து போய் வந்தாள். அம்மாகூடக் கேட்டுப் பார்த்தாள், உயிரையே காப்பாற்றியிருக்கிறாரே, இன்னும் என்ன என்று. "அது வேற, இது வேற" என்றாளாம்.

போன கோடையில் மாமா இறந்துபோனார். நெஞ்சுவலி இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள், ஆபரேசன் என்பார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார். பயந்தவன் வீட்டில் இழவு விழாது என்ற அவருடைய வாக்கை அவரே பொய்யாக்கிவிட்டார்.

நானும் அம்மாவும் போனோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர், அதிலும் அதே அஞ்சா நெஞ்சன். நடுவீட்டில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எப்போதும் பாடுகிற பாட்டுத்தான். சிங்கம் போல நடந்தீரே, சீமை எல்லாம் வென்றீரே என்று பாடினார்கள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. யார் வீட்டுச் சாவுக்கோ வந்தவள் மாதிரி இருந்தாள். அழுதுவிட்டால் தேவலை, அடைத்துக்கொள்ளப் போகிறது என்று பெரியவர்கள் குசுகுசுத்தார்கள்.

பேச்சியம்மாள் வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கூட்டத்தை விலக்கி, அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் எடுத்தாள்:

"அடிச்ச கையப் பாத்த கண்ண
அண்ணாச்சி, மூடினியளே
அன்னைக்கி நான் செத்தேனே"

சாவு வீட்டில் இப்படிப் பாடுவார்களா என்று பக்கத்தில் ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள். பேச்சியம்மாள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"வாரி வந்த வெள்ளத்துக்கு
வண்டிய விட்டு ஓடினியளே
அன்னைக்கி நான் பொழச்சேனே"

அம்மாதான் முதலில் சேர்ந்துகொண்டாள். பிறகு வேனில் வந்த மற்றவர்களும் சேர்ந்தார்கள். செத்தேனே, பொழச்சேனே என்று மாற்றி மாற்றி அந்த வீடு முழுக்க ஒலித்தது.

அத்தை நிமிர்ந்தாள். பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

"இது அவியதான்" என்றாள். "இவ்வளவு நேரமும் யாரையோ பாடிக்கிட்டிருந்தாவ."

சொல்லிவிட்டு எழுந்து வந்து, பேச்சியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.